தணல் பதம்: கரி கிரில் பற்றி வாசகர்கள் கேட்டவை

கரி கிரிலில் சமைப்பது குறித்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே சந்தேகத்தைப் பலர் எழுப்பியிருந்தால் அவற்றைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம்.

கே: கரியைப் பற்றவைப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. பேப்பர் எரிந்து சாம்பலாகிறது. கரி கறுப்பாகவே கிடக்கிறது. விசிறி விசிறிக் கை வலிக்கிறது. எங்கே தவறு?

ப: கரியை முதலிலேயே பரப்பி வைத்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறோம். ஒரு துண்டின் சூடு அடுத்த துண்டைத் தொட்டால்தான் நெருப்பு பரவும். தனித்தனியாகக் கிடக்கும் துண்டு தன் சூட்டை நாலாபுறமும் இழந்து அணைந்துபோகும். ஆகவே குவித்துப் பற்றவையுங்கள். நன்றாகப் பிடித்த பிறகு பரப்புங்கள்.

இதற்கென்றே இருக்கும் கருவி சிமினி ஸ்டார்ட்டர். கைப்பிடி வைத்த உலோகக் குழாய் அது. உள்ளே, அடியிலிருந்து சற்று மேலே ஒரு கம்பித்தட்டு இருக்கும். அதற்குக் கீழே சுற்றிலும் துளைகள். தட்டின் மேல் கரியைக் கொட்டுங்கள். கீழே செய்தித்தாள் இரண்டு தாள்களைக் கசக்கி வளையமாக வையுங்கள். இறுக்கித் திணித்தால் காற்று போக வழியில்லாமல் பேப்பர் கருகிப் புகைந்து நின்றுவிடும். நடுவில் வெற்றிடம் விடுவது அதற்காகத்தான். பேப்பரில் ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெய் தெளித்தால் கூடுதலாகச் சில நிமிடம் நின்று எரியும்.

கிரிலின் அடித்துளைகளைத் திறந்து, கரி பரப்பும் தட்டின் மேலேயே குழாயை நிறுத்தி, துளைகள் வழியே மூன்று நான்கு இடங்களில் கொளுத்துங்கள். முதல் ஐந்தாறு நிமிடம் வெள்ளைப் புகை அடர்த்தியாக வரும். பயப்படவும் வேண்டாம், கிளறவும் வேண்டாம். சூடான காற்று மேலே ஏற ஏற, கீழிருந்து புதுக்காற்று தானாக உள்ளே இழுக்கப்படும். விசிறிக்கு வேலையே இல்லை. கட்டிக்கரி (மரத்துண்டு அப்படியே கரியானது) 10 முதல் 15 நிமிடத்திலும், பிரிக்கெட் கரி (கரித்தூளை அச்சில் அழுத்திச் செய்தது) 15 முதல் 20 நிமிடத்திலும் தயாராகும். மேல்வரிசைத் துண்டுகளின் விளிம்பில் சாம்பல் படரத் தொடங்கியதும் கொட்டிவிடலாம். கனமான கையுறை போட்டுக்கொண்டு, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று கொட்டுங்கள். கொட்டும் கணத்தில் தீப்பொறி பறக்கும்.

குழாய் இல்லையென்றால் கரியைக் கூம்பாக அடுக்கி, நடுவில் மெழுகு கலந்த பற்றவைப்புக் கட்டி இரண்டு வைத்துக் கொளுத்துங்கள். கட்டியின் மேலேயே கரியைக் குவித்து மூடிவிடாமல், தீ மேலே வர இடைவெளி விடுங்கள். இந்த முறையில் 25 முதல் 30 நிமிடம் ஆகும். விசிறித்தான் ஆக வேண்டுமென்றால் குவியலின் அடிப்பக்கமாக விசிறுங்கள். மேலே விசிறினால் சாம்பல்தான் பறக்கும்.

கே: அவசரத்துக்குக் கொஞ்சம் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றலாமா? கடையில் விற்கும் கிரில் திரவம் எப்படி?

ப: பெட்ரோல் கூடவே கூடாது. அது ஊற்றும்போதே ஆவியாகிச் சுற்றிலும் பரவும். தீக்குச்சி கிழித்ததும் கரி பற்றுவதற்கு முன் அந்த ஆவி குபீரென்று பற்றும். மண்ணெண்ணெய் அந்த அளவுக்கு வெடிக்காது என்றாலும் அதன் வாடை உணவில் ஏறிவிடும்.

கிரிலுக்கென்று தயாரித்த திரவத்தைப் பயன்படுத்துவதானால், குளிர்ந்த கரிமேல் ஊற்றி, ஓரிரு நிமிடம் ஊறவிட்டு, புட்டியை மூடித் தள்ளி வைத்த பிறகு கொளுத்துங்கள். கரி முழுக்கச் சாம்பல் பூக்கும் வரை உணவை வைக்காதீர்கள். அதற்குள் திரவம் எரிந்து தீர்ந்திருக்கும். ஒன்றை மட்டும் மறக்கவே வேண்டாம்: ஏற்கெனவே சூடேறிய கரிமேல், அது அணைந்ததுபோலத் தெரிந்தாலும், திரவத்தை ஊற்றக் கூடாது. தீ அந்தத் தாரை வழியாகவே ஏறிக் கையிலிருக்கும் புட்டியைப் பிடித்துக்கொள்ளும். கிரில் விபத்துகளில் மோசமான தீக்காயங்கள் பல இப்படித்தான் நேர்கின்றன.

கே: கட்டிக்கரியா, பிரிக்கெட்டா? எவ்வளவு போடுவது?

ப: கட்டிக்கரி என்பது மரத்துண்டு அப்படியே கரியானது. சீக்கிரம் பற்றும், சூடு அதிகம், சாம்பல் குறைவு. ஆனால் துண்டுகள் ஒரே அளவில் இருக்காது. ஒரு மூலை தகிக்கும், இன்னொரு மூலை மந்தமாக இருக்கும். பிரிக்கெட், கரித்தூளை மாவுப்பசை சேர்த்து அச்சில் அழுத்திச் செய்வது. மெதுவாகப் பற்றி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் சீரான சூடு தரும், சாம்பல் அதிகம். பத்து நிமிடத்தில் வேகும் மெல்லிய துண்டுகளுக்குக் கட்டிக்கரி நல்லது. முழுக்கோழி, எலும்போடு கூடிய பெரிய துண்டுகள் என்றால் பிரிக்கெட்டே கைகொடுக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் பிரிக்கெட்டில் தொடங்குங்கள். சூடு சீராக இருந்தால்தான் தவறு எங்கே என்று பிடிபடும்.

அளவுக்கு எளிய கணக்கு: உணவு பரவும் இடத்தைவிடச் சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டர் கூடுதலாக, ஒற்றை அடுக்காகத் தணல் இருக்க வேண்டும். 57 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டைக் கிரிலில் நடுத்தரச் சூட்டுக்கு 40 முதல் 50 பிரிக்கெட் போதும். கட்டிக்கரிப் பையின் அடியில் தங்கும் தூளைக் கொட்டாதீர்கள். அது துண்டுகளுக்கு இடையே அடைத்துக்கொண்டு காற்றை நிறுத்திவிடும்.

கே: எப்போது உணவை வைக்க வேண்டும்? தீ கொழுந்துவிட்டு எரியும்போதா, அடங்கிய பிறகா?

ப: அடங்கிய பிறகு. கொழுந்துவிடும் தீயில் சூடு நிலையாக இருக்காது. உணவில் புகைக்கரிதான் படியும். கரியின் மேல் மெல்லிய வெண்சாம்பல் போர்த்தியிருக்க வேண்டும், அதன் அடியில் செக்கச்சிவந்த தணல் கனன்றுகொண்டிருக்க வேண்டும். அதுதான் பதம்.

அந்தப் பதம் வந்ததும் தணலைப் பரப்பி, மேல் கம்பித்தட்டை வைத்து, மூடியைப் போட்டுப் பத்து நிமிடம் தட்டைக் காயவிடுங்கள். பிறகு உள்ளங்கையைத் தட்டுக்கு 12 சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்து எண்ணுங்கள். 2 முதல் 4 விநாடிக்குள் கையை எடுக்க நேர்ந்தால் அது கடும் சூடு, சுமார் 230 முதல் 290 டிகிரி செல்சியஸ். 5 முதல் 7 விநாடி தாங்கினால் நடுத்தரம், 175 முதல் 230 வரை. 8 முதல் 10 விநாடி என்றால் மிதமான சூடு, 120 முதல் 175 வரை. தொங்கும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இதைச் செய்யுங்கள். மூடியில் பொருத்திய வெப்பமானி மூடியின் உச்சியில் உள்ள சூட்டைத்தான் காட்டும். உணவு இருக்கும் மட்டத்தில் சூடு வேறாக இருக்கும்.

கே: கோழிக்கால் வெளியே கருகிவிடுகிறது, எலும்போரம் பச்சையாகவே இருக்கிறது. தீயைக் குறைத்தால் நிறமே வருவதில்லை.

ப: இந்தக் கேள்விதான் அதிகம் பேரிடமிருந்து வந்தது. காரணம் ஒன்றே: தட்டு முழுக்க ஒரே மாதிரி தணல் பரப்பியிருக்கிறீர்கள். கேஸ் அடுப்பில் திருகைத் திருப்பிச் சூட்டைக் கூட்டிக் குறைப்போம். கரியில் அந்தத் திருகு கிடையாது. உணவைத்தான் இடம் மாற்ற வேண்டும். இடம் மாற்ற இரண்டு விதமான இடம் வேண்டுமே?

எனவே தணல் முழுவதையும் கிரிலின் ஒரு பாதியில் ஒதுக்குங்கள். மறுபாதி வெறுமையாக இருக்கட்டும். அங்கே கீழ்த்தட்டில் ஓர் அலுமினியத் தட்டு வைத்தால் சொட்டும் கொழுப்பு அதில் விழும். இப்போது தணலுக்கு நேர்மேலே ஒரு கடும் சூட்டுப் பகுதி, பக்கத்தில் ஒரு மிதமான பகுதி கிடைத்துவிட்டது.

எலும்போடு கூடிய காலையும் தொடையையும் முதலில் வெறும்பகுதியில், தோல் மேல்பக்கமாக வையுங்கள். மூடியைப் போட்டுவிடுங்கள். மூடியின் துளை உணவுக்கு மேலே வரும்படி திருப்பி வைத்தால், தணலிலிருந்து எழும் சூடு உணவைக் கடந்து வெளியேறும். 180 முதல் 200 டிகிரிச் சூட்டில் 30 முதல் 40 நிமிடம் பிடிக்கும். பாதி நேரத்தில் ஒருமுறை, தணலை ஒட்டியிருக்கும் துண்டுகளையும் தள்ளியிருக்கும் துண்டுகளையும் இடம் மாற்றுங்கள். கடைசியில் தோல் பக்கத்தைத் தணலுக்கு நேர்மேலே இரண்டு மூன்று நிமிடம் காட்டுங்கள். அதுவரை வெளிறியிருந்த தோல் கண்முன்னே பொன்னிறமாகி, கொப்புளித்து, மொறுமொறுப்பாகும். அந்த நேரத்தில் கிரிலை விட்டு நகராதீர்கள்.

வெந்ததா என்று நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நன்றாக வெந்த பிறகும் சில சமயம் எலும்போரம் சிவப்பு தெரியும். சரியாக வேகாததும் சில சமயம் வெள்ளையாகத் தெரியும். ஊசி முனை வெப்பமானி வாங்கிக்கொள்ளுங்கள்; கிரில் வைத்திருப்பவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள பொருள் வேறில்லை. எலும்பைத் தொடாமல், சதையின் தடித்த பகுதியில் குத்திப் பாருங்கள். கோழி 74 டிகிரி செல்சியஸ் எட்ட வேண்டும். தொடையும் காலும் 80ஐத் தாண்டினால்தான் இன்னும் மென்மையாக இருக்கும், ஏனென்றால் அவற்றிலுள்ள இணைப்புத் திசு கரைய அந்தச் சூடு வேண்டும். நெஞ்சுக்கறியை 74ஐ எட்டியதும் உடனே எடுத்துவிடுங்கள். மேலே போனால் நார் நாராக வறண்டுவிடும். கொத்துக்கறிக்கு 71, மீனுக்கு 63. ஆடு, மாடு ஆகியவற்றின் முழுத்துண்டுகளுக்கு 63 வந்ததும் எடுத்து மூன்று நிமிடம் ஆறவிட வேண்டும்.

எலும்பில்லாத, மூன்று சென்டிமீட்டர் துண்டுகளைக் கம்பியில் கோத்தால் நேர்தணலில், நடுத்தரச் சூட்டில், திருப்பித் திருப்பி 8 முதல் 12 நிமிடம். துண்டுகளை நெருக்கிக் கோக்காதீர்கள். ஒட்டியிருக்கும் பக்கங்கள் வேகாமல் நிற்கும். கம்பி தட்டையாக இருக்கட்டும். உருண்டைக் கம்பியைத் திருப்பினால் கம்பி மட்டும் சுழலும், கறி அதே பக்கத்தில் நிற்கும். மூங்கில் குச்சி என்றால் அரை மணி நேரம் நீரில் ஊறவைத்துக்கொள்ளுங்கள்.

கே: மூடியைப் போட்டுச் சமைப்பதா, திறந்தா? மேலும் கீழும் உள்ள துளைகள் எதற்கு?

ப: விரற்கடைத் தடிமனுக்குக் குறைவான துண்டென்றால் திறந்தே சமைக்கலாம். அதைவிடத் தடிமனானது எதுவானாலும் மூடி வேண்டும்.

கீழ்த்துளை காற்றை உள்ளே விடுகிறது. மேல்துளை புகையை வெளியே விட்டு, அந்த இழுவிசையால் கீழே இன்னும் காற்றை வரவழைக்கிறது. கரி எரியும் வேகத்தை இந்தக் காற்றுதான் தீர்மானிக்கிறது. துளையை அகலத் திறந்தால் சூடு ஏறும், பாதி மூடினால் இறங்கும். கீழ்த்துளையில் கைவையுங்கள், மேல்துளையைக் குறைந்தது பாதியாவது திறந்தே விடுங்கள். மேலே அடைத்தால் புகை உள்ளேயே தேங்கி உணவு கசக்கும். துளையை மாற்றிய பிறகு சூட்டில் அது தெரியப் பத்து நிமிடமாவது ஆகும். பொறுக்காமல் மறுபடி மறுபடி திருப்புகிறவர்களின் கிரில்தான் ஒரு நிலைக்கு வராமல் அலைபாயும்.

மூடியை அடிக்கடி தூக்கிப் பார்ப்பதும் இதே விளைவைத் தரும். உள்ளே தங்கிய சூடு வெளியேறிவிடும், கரியோ புதுக்காற்று கிடைத்துச் சீறி எரியும். மேலே வேகாமல் கீழே கருகும்.

நடுவில் சூடு காரணமில்லாமல் குறைந்தால் முதலில் கீழ்த்துளையைப் பாருங்கள். சாம்பல் விழுந்து அடைத்திருக்கும்.

கே: கொழுப்பு சொட்டித் தீ கிளம்புகிறது. தண்ணீர் தெளித்து அணைக்கிறோம். சரியா?

ப: வேண்டாம். தண்ணீர் பட்டதும் சாம்பல் பறந்து உணவில் ஒட்டும், நீராவி கையைச் சுடும், தணலும் சூட்டை இழக்கும். உணவை இடுக்கியால் தணலில்லாத பகுதிக்கு நகர்த்துங்கள். அது போதாவிட்டால் மூடியைப் போட்டுக் கீழ்த்துளையைக் குறுக்குங்கள். காற்றில்லாமல் தீ அரை நிமிடத்தில் படுத்துவிடும். உள்ளே தேங்கிய கொழுப்பே பற்றிக்கொண்டு அடங்காமல் எரிந்தால், மூடியைப் போட்டு எல்லாத் துளைகளையும் அடைத்துவிட்டு விலகி நில்லுங்கள்.

வராமல் தடுப்பது இன்னும் எளிது. தொங்கும் கொழுப்பை வெட்டி எடுங்கள். ஊறவைத்த கறியில் வழியும் எண்ணெயை வடித்துவிட்டு வையுங்கள். இறைச்சியைக் கரண்டியால் அழுத்தாதீர்கள். அழுத்தும்போது வடிவது கொழுப்பும் சாறும்தான்.

கே: மீன் தட்டோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்துவிடுகிறது.

ப: மீனில் ஈரம் இருக்கும், தட்டில் பழைய கரிப்பிசுக்கு இருக்கும், நீங்கள் சீக்கிரம் திருப்பியிருப்பீர்கள். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான்.

மீனைத் துணியாலோ காகிதத்தாலோ ஒற்றி, தோல் உலர்ந்திருக்கச் செய்யுங்கள். ஈரம் இருந்தால் அது ஆவியாகும் வரை தோல் பொரியாது. பொரியாத புரதம் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும். தட்டை நன்றாகக் காயவைத்து, சுரண்டிச் சுத்தம் செய்து, எண்ணெயில் தோய்த்த துணியை இடுக்கியில் பிடித்துத் துடையுங்கள். மீன் மேலும் எண்ணெய் தடவுங்கள். கம்பிகளுக்குக் குறுக்காக வைத்த பிறகு மூன்று நான்கு நிமிடம் தொடவே கூடாது. கரண்டியை அடியில் நுழைத்து லேசாக நெம்பிப் பாருங்கள். தோல் பொரிந்திருந்தால் தானே விட்டுக்கொடுக்கும். இழுத்துப் பிடித்தால் இன்னும் ஒரு நிமிடம் பொறுங்கள்.

வேகும் நேரத்துக்கு, மீனின் தடித்த பகுதியில் ஒவ்வொரு 2.5 சென்டிமீட்டருக்கும் இரண்டு பக்கமும் சேர்த்துப் பத்து நிமிடம் என்று கணக்கிடுங்கள். முழுமீனின் இருபுறமும் கத்தியால் கீறிவிட்டால் நடுமுள்வரை சூடு போகும். மென்மையான சதையுள்ள மீனுக்கு இரண்டு பக்கமும் பூட்டும் கம்பிக்கூடையே நல்லது. கூடைக்கும் எண்ணெய் தடவ மறக்காதீர்கள்.

கே: ஊறவைத்த மசாலா கறிக்கு முன் கருகுகிறதே?

ப: அதில் சர்க்கரையோ தேனோ இருக்கும், அல்லது நறுக்கிய பூண்டு ஒட்டியிருக்கும். சர்க்கரை 160 டிகிரியைத் தாண்டினாலே நிறம் மாறத் தொடங்கும். நேர்தணலில் சீக்கிரமே கரியாகும். இனிப்புள்ள பூச்சுகளைக் கடைசி ஐந்து முதல் பத்து நிமிடத்தில், மிதமான பகுதியில் வைத்துத் தடவுங்கள். பூண்டை அரைத்தோ சாறாகவோ சேருங்கள். கெட்டியாக அப்பியிருக்கும் கலவையை வழித்துவிட்டு வைத்தால் போதும், சுவை உள்ளே போயிருக்கும்.

எலுமிச்சை, வினிகர் சேர்த்து மீனை அரை மணி நேரத்துக்கு மேல் ஊறவைக்காதீர்கள்; புளிப்பு சதையைக் குழைத்துவிடும். பச்சை இறைச்சி ஊறிய கலவையை அப்படியே மேலே தடவக் கூடாது. வேண்டுமென்றால் முன்கூட்டியே ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள், அல்லது கொதிக்கவிட்டுப் பயன்படுத்துங்கள். பச்சைக்கறிக்குப் பயன்படுத்திய தட்டிலேயே வெந்ததை எடுத்து வைப்பதும் இதே தவறுதான்.

கே: காய்கறிகளுக்கு?

ப: எண்ணெய் லேசாகப் புரட்டி, நடுத்தரச் சூட்டில், நேர்தணலில். கத்தரிக்காயும் சுரைக்காய் வகைகளும் ஒரு சென்டிமீட்டர் தடிமனில் வெட்டினால் 8 முதல் 10 நிமிடம். குடைமிளகாய் அகலத் துண்டுகளுக்கும் அதே நேரம். வெங்காய வட்டங்களில் பக்கவாட்டில் ஒரு குச்சி செருகினால் வளையங்கள் பிரியாது. உரித்த மக்காச்சோளம் 10 முதல் 15 நிமிடம், நாலு பக்கமும் திருப்பி. உருளைக்கிழங்கை முக்கால் பதம் வேகவைத்துக்கொண்டு வைத்தால்தான் கருகாமல் வேகும்.

கே: இரண்டு மணி நேரம் வேகவேண்டிய பெரிய துண்டுக்குக் கரி பாதியில் தீர்ந்துவிடுகிறது. நடுவில் கரி போட்டால் புகைகிறது.

ப: சூடு நன்றாக இறங்கிய பிறகு குளிர்ந்த கரியைக் கொட்டினால் அது பற்ற நேரமாகும், அதுவரை புகைதான். பிரிக்கெட்டின் சூடு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நிற்கும் என்பதால், சுமார் 45 நிமிடத்திலேயே பத்துப் பதினைந்து பிரிக்கெட்டைச் சிமினியில் தனியாகப் பற்றவைத்துச் சேர்த்துவிடுங்கள். சிமினியை மண்ணிலோ கல்மேலோ வையுங்கள். சிமென்ட் தளமும் ஓடும் அந்தச் சூட்டில் வெடிக்கலாம்.

இன்னொரு முறை, பற்றாத பிரிக்கெட்டை கிரிலின் ஓரத்தை ஒட்டி அரைவட்டமாக, கீழே இரண்டு வரிசையும் மேலே ஒரு வரிசையுமாக அடுக்குவது. ஒரு முனையில் மட்டும் எட்டுப் பத்துத் தணல்களை வைத்தால், நெருப்பு வரிசையாக ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே பல மணி நேரம் மிதமான சூடு தரும். பற்றவைப்புத் திரவம் ஏற்கெனவே ஊட்டிய பிரிக்கெட்டுகள் இதற்கு ஆகாது. ஒவ்வொன்று பற்றும்போதும் திரவத்தின் வாடை உணவில் இறங்கும்.

கே: புகை மணத்துக்கு மரத்துண்டு போட்டோம். உணவு கசந்தது.

ப: வெள்ளையாகத் திரண்டு வரும் புகை, மரம் சரியாக எரியாமல் புழுங்குவதைக் காட்டுகிறது, கசப்பு அதிலிருந்துதான். மெல்லிய, நீலம் ஓடிய புகை வர வேண்டும். கைப்பிடி அளவுள்ள காய்ந்த துண்டு ஒன்றிரண்டு போதும், அதுவும் நன்றாகக் கனன்ற தணல்மேல், துளைகள் திறந்திருக்கும்போது. ஊறவைப்பதால் பலனில்லை. தண்ணீர் மரத்துக்குள் அதிகம் இறங்காது, மேலே ஒட்டிய ஈரம் காயும் வரை புகையைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

பழமரங்கள், ஓக் போன்ற கடினமரங்கள் ஏற்றவை. பைன் முதலான பிசின் மரங்கள் வேண்டாம். பெயின்ட் அடித்தது, ஒட்டுப்பலகை, பூச்சிமருந்து ஏற்றிய மரம் ஆகியவற்றின் புகை நஞ்சு.

கே: திடீர் மழை வந்துவிட்டது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கிரிலை உள்ளே கொண்டுவரலாமா? மூடிய பால்கனியில்?

ப: எந்த நிலையிலும் கூடாது. எரியும் கரி கார்பன் மோனாக்சைடு வாயுவை வெளியிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. புகை அடங்கிச் சிவந்து கிடக்கும் தணலிலிருந்தும், அணைந்துகொண்டிருக்கும் கரியிலிருந்தும் அது வந்துகொண்டேயிருக்கும். ஜன்னலும் மின்விசிறியும் அதை ஈடுகட்டாது. வீடு, கூடாரம், கார் நிறுத்தும் அறை, மூடிய பால்கனி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். குளிருக்குக் கதகதப்பாக இருக்கும் என்று அணைந்த கிரிலைக் கூடாரத்துக்குள் இழுத்து வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போயிருக்கிறார்கள். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், காரணமில்லாத அசதி ஆகியவை முதல் அறிகுறிகள். உடனே எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, அவசர மருத்துவ உதவியை அழையுங்கள்.

மழை வந்தால் கிரிலை அங்கேயே மூடி, துளைகளை அடைத்துவிட்டு, உணவை உள்ளே எடுத்து வந்து அடுப்பிலோ ஓவனிலோ முடியுங்கள். திறந்தவெளியிலும் சுவர், வேலி, தாழ்ந்த கூரை, கிளைகளிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளியே கிரில் நிற்கட்டும்.

கே: தட்டு துருப்பிடித்துவிட்டது. பழைய ஃபிரிட்ஜின் கம்பித்தட்டு அளவாகப் பொருந்துகிறது. பயன்படுத்தலாமா?

ப: வேண்டாம். அத்தகைய தட்டுகளில் துத்தநாகமோ காட்மியமோ பூசியிருக்கலாம். தணல் சூட்டில் அவற்றின் ஆவி நச்சாகும். துத்தநாகம் பூசிய வலைக்கும் இதுவே பதில். துருவேறாத எஃகு அல்லது வார்ப்பிரும்புத் தட்டு வாங்குங்கள். மேலோட்டமான துருவாக இருந்தால் பழைய தட்டையே தேய்த்து, கழுவி, எண்ணெய் தடவிச் சூடேற்றி மீட்டுவிடலாம்.

கே: கருகிய பகுதி உடலுக்குக் கேடு என்கிறார்களே?

ப: கடும் சூட்டில் இறைச்சி கருகும்போது ஹெட்டரோசைக்ளிக் அமீன்களும், கொழுப்பு தணலில் சொட்டி எழும் புகையில் பாலிசைக்ளிக் அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்களும் உருவாகின்றன. ஆய்வக விலங்குகளில் இவை புற்றுநோயை உண்டாக்குவது தெரிந்த விஷயம். எனவே கருகிய ஓரங்களை வெட்டி எறியுங்கள், அடிக்கடி திருப்புங்கள், கொழுப்புள்ள துண்டுகளைத் தணலில்லாத பகுதியில் வேகவிடுங்கள். பொன்னிறமும் அடர்பழுப்பும் சுவை. கறுப்பு சுவையும் இல்லை.

கே: சமைத்து முடித்த பிறகு மீந்த கரியை என்ன செய்வது? மழைக்காலத்தில் ஈரம் பட்ட கரி தேறுமா?

ப: மூடியைப் போட்டு மேல், கீழ்த்துளைகளை முழுக்க அடைத்துவிடுங்கள். காற்றில்லாமல் கரி அணைந்து, எரியாத பகுதி மிஞ்சும். தண்ணீர் ஊற்றாதீர்கள். சூடான எனாமல் வெடிக்கும், நீராவி சுடும், ஈரச்சாம்பல் உலோகத்தை அரிக்கும். அடுத்த முறை மீந்த துண்டுகளைக் குலுக்கிச் சாம்பலை உதிர்த்து, புதுக்கரியோடு பாதிக்குப் பாதி கலந்து சிமினியில் போடலாம்.

சாம்பலுக்குள் தணல் ஒளிந்திருக்கும். இரண்டு நாள் முழுசாக ஆறவிட்டு, மூடியுள்ள உலோக வாளியில் எடுங்கள். பிளாஸ்டிக் கூடையும் காகிதப் பையும் தீப்பிடித்துவிடும்.

கரி காற்றிலுள்ள ஈரத்தையே உறிஞ்சும் பொருள். பையைத் திறந்ததும் மூடி இறுகும் தகர டப்பாவுக்கு மாற்றுங்கள். நனைந்த கட்டிக்கரியை வெயிலில் ஓரிரு நாள் காயப்போட்டால் தேறும். முழுக்கக் காயாததைப் பற்றவைத்தால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிப் படபடவென்று வெடித்துப் பொறி சிதறும். நனைந்து பொங்கி உதிரத் தொடங்கிய பிரிக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடுங்கள். அது பற்றினாலும் தூளாகிக் காற்றை அடைக்கும்.

கே: தட்டைக் கம்பி பிரஷால் தேய்க்கலாமா?

ப: தேய்மானம் அடைந்த பிரஷிலிருந்து கம்பி இழை கழன்று தட்டில் ஒட்டிக்கொள்ளும். அது உணவோடு தொண்டைக்குள் போய்க் குத்தி, அறுவை சிகிச்சை வரை போன சம்பவங்கள் உண்டு. தட்டு சூடாக இருக்கும்போதே அலுமினியத் தாளை உருண்டையாகக் கசக்கி இடுக்கியில் பிடித்துத் தேய்த்தால் பிசுக்கு உதிர்ந்துவிடும். மரச்சுரண்டியும் நன்றாக வேலை செய்யும். நாலைந்து முறை தேய்த்ததும் அதன் முனையில் கம்பிகளின் இடைவெளிக்கு ஏற்றபடி பள்ளம் விழுந்து, தட்டோடு பொருந்திக்கொள்ளும்.